மிட்செல் மலை: அன்று கோடாரி, இன்று மேகம்

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் மலைகளில் ஆக உயரமானது வட கரோலினாவின் மிட்செல் மலை. 6,684 அடி. நம் தொட்டபெட்டாவைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் அடி குறைவுதான். ஆனால் குளிரில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. 1985 ஜனவரியில் இந்த உச்சியில் மைனஸ் 34 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. 1993 மார்ச்சில் அடித்த பனிப்புயலில் 50 அங்குலப் பனி கொட்டியது. அப்படிப்பட்ட உச்சிக்கு இன்று கைக்குழந்தையோடும் போகலாம், முழங்கால் வலிக்காரரை அழைத்துக்கொண்டும் போகலாம். சார்லட் நகரில் காலைக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மேலே நிற்கலாம். காரை விட்டு இறங்கிய இடத்திலிருந்து கால் மைல்கூட இல்லாத நடை, அதுவும் தளம் போட்ட பாதை. நுழைவுக் கட்டணம் கிடையாது.

இந்த மலைக்குப் பெயர் கொடுத்தவர் எலிஷா மிட்செல். சேப்பல் ஹில் பல்கலைக்கழகப் பேராசிரியர், பாதிரியாரும்கூட. 1835-இலிருந்து பாரமானியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கருமலைத் தொடரில் ஏறி ஏறி இறங்கினார். எந்த முடி உயரம் என்பதில் அவருக்கும் அவருடைய பழைய மாணவரும் அரசியல்வாதியுமான தாமஸ் கிளிங்மனுக்கும் பெரிய சர்ச்சையாகிவிட்டது. அதைத் தீர்த்துவிடலாம் என்று 1857 ஜூனில், 63 வயதில், மறுபடியும் மலையேறினார். தனியாகப் போனவர் இருட்டில் வழி தவறி ஓர் அருவியின் மேலிருந்து கீழே குட்டையில் விழுந்து இறந்துபோனார். பல நாள் தேடினார்கள். கடைசியில் பிக் டாம் வில்சன் என்ற கரடி வேட்டைக்காரர்தான் பாசியில் பதிந்த தடத்தையும் ஒடிந்த கிளையையும் பார்த்துப் பார்த்து உடல் கிடந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். முதலில் ஆஷ்வில் நகரில் புதைத்து, அடுத்த வருடம் தோண்டியெடுத்து உச்சிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இன்றும் பார்வை மேடைக்குப் பக்கத்திலேயே அந்தக் கல்லறை இருக்கிறது. தேர்ந்த வேட்டைக்காரரே தடம் தேடித்தான் போக வேண்டிய காடாக இருந்த இடம் அது. அதற்கு முன்னால் செரோக்கி மக்களின் மலைநாடு. மிட்செல் அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1838-இல், அவர்களில் பெரும்பாலோரை அரசு துப்பாக்கி முனையில் மேற்கே துரத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து வந்தது ரம்பம். 1911-இல் பிளாக் மவுண்டன் ஊரிலிருந்து மலைமேல் மரம் இறக்குவதற்கென்றே ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். உச்சியைச் சுற்றி அடர்ந்திருந்த ஸ்ப்ரூஸும் ஃபிர்ரும் கட்டைகளாகி இறங்கின. வெட்டிப்போட்ட கிளையும் தழையும் காய்ந்ததும் தீப்பிடித்தது. தீக்குப் பின்னால் மழை, மழையோடு மண்ணும் போயிற்று. இதைப் பார்த்துக் கொதித்தவர்களில் ஒருவர் அப்போதைய ஆளுநர் லாக் கிரெய்க். ஆஷ்வில் பக்கத்து வழக்கறிஞர் என்பதால் இந்த மலை அவருக்குக் கண்ணில் பார்த்துப் பழகிய மலை. மரக் கம்பெனிக்காரர்களிடம் பேசி உச்சியை விட்டுவைக்கச் சொன்னார், சட்டமன்றத்தையும் அசைத்தார். 1915-இல் நிலம் வாங்க 20,000 டாலர் ஒதுக்கிச் சட்டம் வந்தது. வட கரோலினாவின் முதல் மாநிலப் பூங்கா அப்படித்தான் பிறந்தது. உல்லாசப் பயணத்துக்காக உருவானதில்லை, கண்ணெதிரே விழுந்த மரங்களைப் பார்த்த கோபத்தில் உருவானது.

வேடிக்கை பார்க்க வரும் கூட்டமும் அதே மர ரயிலில்தான் ஏறியது. 1915-இலிருந்து கம்பெனியே பயணிகள் பெட்டிகளை இணைத்து ஓட்டியது. 21 மைல் பாதை, வளைந்து வளைந்து மேலே போக மூன்று மணி நேரம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ‘கேம்ப் ஆலிஸ்’ என்று ஓர் இடம். பெரிய சாப்பாட்டுக் கூடம், தங்குவதற்குக் கூடாரங்கள். அங்கிருந்து நடந்துதான் உச்சி ஏற வேண்டும். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் தொப்பியும் நீளப் பாவாடையுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். பின்னால் சரிவு முழுக்க அடிக்கட்டைகள். இந்த இரண்டும் ஒரே சட்டத்துக்குள் இருப்பதுதான் அன்றைய மிட்செல் மலை. இயற்கையைப் பார்க்க டிக்கெட் எடுத்தவர்களைச் சுமந்த அதே தண்டவாளம், திரும்பும்போது அந்த இயற்கையைச் சுமந்துகொண்டு இறங்கியது. முதல் உலகப் போரில் விமானம் கட்ட ஸ்ப்ரூஸ் மரம் வேண்டியிருந்தது. மரம் இறக்கவே நேரம் போதாமல் 1919-இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். மரம் தீர்ந்த பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து, அந்தத் தடத்தையே கார்ப் பாதையாக்கி, 1922-இலிருந்து சுங்கம் வாங்கினார்கள். ஒரு கார் அகலம்தான். காலையில் ஏற்றம், மாலையில் இறக்கம். நடுவில் மனம் மாறினாலும் திரும்ப வழி கிடையாது.

அப்போது யார் போனார்கள் என்று கேட்க வேண்டும். காசும் ஓய்வும் உள்ளவர்கள் போனார்கள் என்பது பாதி பதில்தான். பொதுமக்களின் பணத்தில் வாங்கிய நிலம் என்றாலும் அந்தப் பொதுமக்களில் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. தெற்கு மாநிலங்களின் நிறப் பிரிவினை, ரயில் பெட்டியைப் போலவே பூங்காவிலும் இருந்தது. வட கரோலினா கறுப்பினத்தவருக்கென்று முதல் மாநிலப் பூங்காவைத் திறந்தது 1939-இல்தான். அதுவும் மலையில் அல்ல, கிழக்குச் சமவெளியில், ஜோன்ஸ் லேக்கில். 1950-இல் ராலே நகருக்குப் பக்கத்தில் ரீடி க்ரீக் பூங்கா. ஒட்டியே வெள்ளையருக்கான பூங்கா. காடு ஒன்றுதான், வாசல் மட்டும் வேறு வேறு. 1966-இல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தென் கரோலினாவில் நடந்தது இன்னும் கேவலம். 1963-இல் மாநிலப் பூங்காக்களில் நிறம் பார்க்கக் கூடாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநில அரசு என்ன செய்தது தெரியுமா? எல்லாப் பூங்காக்களையும் பூட்டிவிட்டது. டேபிள் ராக் போன்ற அழகான மலைப் பூங்காக்களும் அதில் அடக்கம். கறுப்பினக் குழந்தை ஏரியில் இறங்குவதைவிட யாருமே இறங்காமல் இருப்பது மேல் என்று ஓர் அரசு நினைத்தது. அடுத்த வருடம் திறந்தபோதும் நீச்சலுக்கும் தங்கும் குடில்களுக்கும் அனுமதியில்லை. முழுசாகத் திறக்க 1966 ஆயிற்று.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று அக்டோபர் மாத சனிக்கிழமையில் இந்த மலைகளின் பிக்னிக் மேசைகளைப் பாருங்கள். சார்லட், கேரி நகரங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் புளியோதரை டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும். பக்கத்து மேசையில் தெலுங்கு, அதற்கு அடுத்ததில் ஸ்பானிஷ். 1964-இன் குடிமை உரிமைகள் சட்டம் இல்லையென்றால் அந்த மேசை நமக்குப் பொதுவாகியிருக்காது. 1965-இன் குடிவரவுச் சட்டம் இல்லையென்றால் நம் பெற்றோர் தலைமுறை இந்த நாட்டுக்கே வந்திருக்க முடியாது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது கறுப்பின மக்கள் வாங்கிய அடியும் போன உயிர்களும். நம் பிள்ளைகளுக்கு மலையைக் காட்டும்போது அதையும் சொல்லித்தான் காட்ட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

பாதையும் மாறிவிட்டது. 1935-இல் வேலை தொடங்கிய புளூ ரிட்ஜ் பார்க்வே, மலை முதுகிலேயே 469 மைல் ஓடும் சாலை, மிட்செல் மலையின் தோளைத் தொட்டுக்கொண்டு போகிறது. அது வந்ததும் பழைய சுங்கப் பாதைக்கு வேலையில்லாமல் போயிற்று. பார்க்வேயின் கடைசித் துண்டு, கிராண்ட்ஃபாதர் மலையைச் சுற்றி வளையும் பாலம் உள்ள பகுதி, திறந்தது 1987-இல். உச்சியில் 1920-களில் கட்டிய கல் கோபுரம் இருந்தது. 1960 வாக்கில் அதை எடுத்துவிட்டு வேறொன்று கட்டினார்கள். அதற்கும் படியேற வேண்டும். 2009-இல் திறந்த இப்போதைய மேடை உயரம் குறைவு. சாய்தளம்போல வளைந்து ஏறுவதால் சக்கர நாற்காலியும் போகும். பழைய கோபுரத்தின் கம்பீரம் போய்விட்டதே என்று வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வருத்தம் துளியும் இல்லை. மதுரையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவரை அந்தச் சாய்தளத்தில் மருமகன் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். மேலே வந்தால் சுற்றிலும் வெள்ளை, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. “என்ன மாப்ள, இம்புட்டுத் தூரம் கூட்டியாந்து மேகத்தையா காட்டுறீக?” என்றார். “கொஞ்சம் பொறுங்க மாமா, விலகும்” என்றார் மருமகன். கால் மணி நேரத்தில் கிழக்குப் பக்கம் திறந்தது. பெரியவர் அதன் பிறகு கீழே இறங்க ஒப்பவே இல்லை.

அந்த மேகத்தைப் பற்றித்தான் இனிப் பேச வேண்டும்.

மேடையிலிருந்து இறங்கியதும் வலப்பக்கமோ இடப்பக்கமோ பாதையோரத்து மரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இங்கே இரண்டு ஊசியிலை மரங்கள்தான் கலந்து நிற்கின்றன. இலையைத் தொட்டால் கையில் குத்தினால் அது ஸ்ப்ரூஸ். குத்தாமல் தட்டையாக, நுனி மழுங்கி, அடியில் இரண்டு வெள்ளைக் கோடு தெரிந்தால் அது ஃபிரேசர் ஃபிர். ஃபிர்ரின் இளம்பட்டை வழவழப்பாக இருக்கும். அதில் அங்கங்கே கொப்புளம் கொப்புளமாக இருக்கும். நகத்தால் அழுத்தினால் பிசின் வரும், ஆரஞ்சுத் தோலும் கற்பூரமும் கலந்த வாசனை. பாலுள்ள மரம் என்பதால் மலைவாசிகள் இதைப் பெண் பால்சம் என்றும், பால் வராத ஸ்ப்ரூஸை ஆண் பால்சம் என்றும் சொல்வார்கள். கூம்புகள் கிளையிலிருந்து தொங்காமல் குத்துவிளக்குத் தண்டு மாதிரி நிமிர்ந்து நிற்கும். உலகத்தில் இந்த மரம் இயற்கையாக வளரும் இடம் தெற்கு அப்பலாச்சியன் மலைகளின் சில உச்சிகள் மட்டுமே. டிசம்பரில் அமெரிக்க வீட்டுக் கூடங்களில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரங்களில் கணிசமானவை இதே மரம்தான், உச்சிக்குக் கீழே உள்ள தோட்டங்களில் வரிசை வரிசையாகப் பயிரிடுகிறார்கள். கீழே கோடிக்கணக்கில், மேலே பிழைப்பே கேள்விக்குறி.

1957-இல் இந்த மிட்செல் மலையில்தான் தெற்கு அப்பலாச்சியனில் முதன்முதலாக ஃபிர்ரைக் கொல்லும் அந்தப் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த பால்சம் வூலி அடெல்ஜிட். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உடம்பைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு சுரந்து பட்டையில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் இதில் ஆணே கிடையாது. ஒவ்வொன்றும் துணையில்லாமலே முட்டையிடும் பெண். வாய்க்குழலைப் பட்டைக்குள் இறக்கி உறிஞ்சும்போது அதன் எச்சில் மரத்தின் உள்ளமைப்பையே மாற்றிவிடுகிறது. நீர் ஏறும் குழாய்கள் கெட்டியாகி, நிற்கும் மரம் தாகத்தில் சாகிறது. சில வருடங்களில் கதை முடிந்துவிடும். 1980-களில் இந்த உச்சியில் எடுத்த படங்களில் பச்சையே இல்லை. வெளுத்த கழிகள் குத்திட்டு நிற்கும் மயானம் மாதிரி இருக்கிறது.

அப்போது வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் ஆய்வாளர் ராபர்ட் புரூக் இங்கேயே கருவிகளை நட்டு மேகத்தைச் சோதித்தார். இந்த உச்சி பெரும்பாலான நாள் மேகத்துக்குள்தான் இருக்கிறது. ஊசியிலை ஒவ்வொன்றும் மேகத்தைச் சீவிச் சீவித் துளியாக்கிக்கொள்கிறது, அந்தத் துளியில் சாதாரண மழையைவிட அமிலம் அதிகம். டென்னசி, ஒஹாயோ பள்ளத்தாக்குகளில் நிலக்கரி எரிக்கும் மின் நிலையங்களின் கந்தகப் புகை காற்றேறி இங்கே வந்து மேகத்தில் கரைந்திருந்தது. கொன்றது பூச்சியா, அமிலமா என்று விஞ்ஞானிகள் வெகுகாலம் மல்லுக்கு நின்றார்கள். பெரிய ஃபிர் மரங்களைச் சாய்த்தது முதன்மையாகப் பூச்சி என்பதில் இன்று பெரிய தகராறு இல்லை. அமிலம் மண்ணின் சத்தைக் கரைத்து மரத்தின் தெம்பைக் குறைத்தது என்பதும் நிலைத்திருக்கிறது.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக எனக்குப் படுவது இதுதான். லாக் கிரெய்க் காலத்தில் கோடாரிக்காரன் எந்தக் கம்பெனி, எந்த ரயில் என்று தெரியும். 20,000 டாலர் கொடுத்து எல்லைக்கல் நட்டால் கோடாரி கல்லுக்கு வெளியே நின்றுவிடும். பூச்சிக்கு எல்லைக்கல் தெரியாது. மேகம் எந்த மாநிலத்துப் புகையைக் கொண்டுவருகிறது என்று யாரும் வாசலில் நின்று சோதிக்க முடியாது. ஆனாலும் வட கரோலினா கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1990-இல் நாடு முழுமைக்குமான தூய காற்றுச் சட்டத் திருத்தம் வந்தது. 2002-இல் இந்த மாநிலமே தனக்கென்று ஒரு சட்டம் போட்டு, தன் எல்லைக்குள் இருந்த 14 நிலக்கரி மின் நிலையங்களின் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்ய வைத்தது. முதலில் தன் வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு அப்புறம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியது. 2006-இல் டென்னசி பள்ளத்தாக்கு மின் ஆணையத்தின் மேல் வழக்கு. கீழ் நீதிமன்றத்தில் வெற்றி, மேல்முறையீட்டில் தோல்வி, கடைசியில் 2011-இல் சமரசம்: புகையைக் கட்டுப்படுத்தவும் பழைய அலகுகள் பலவற்றை மூடவும் ஆணையம் ஒப்புக்கொண்டது. இன்று உச்சியிலிருந்து அடுக்கடுக்காக மலை தெரிகிறது என்றால், 1980-களில் அதே இடத்தில் பழுப்பு மூட்டம் மட்டுமே தெரிந்த நாட்கள் ஏராளம் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். ஒரு பூங்காவைக் காப்பாற்றும் வேலை பூங்காவின் எல்லைக்கு வெளியே, நீதிமன்றத்தில் நடந்திருக்கிறது.

நிலம் வாங்குவதும் நின்றுவிடவில்லை, விலைதான் எங்கேயோ போய்விட்டது. சிம்னி ராக் நூறு வருடத்துக்கு மேல் ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்தது. பாறைக்குள்ளேயே குடைந்து 1949-இல் மின்தூக்கி வைத்த இடம். 2007-இல் மாநிலம் அதை 2.4 கோடி டாலருக்கு வாங்கியது. கிராண்ட்ஃபாதர் மலையின் உள்காட்டை அடுத்த வருடம் வாங்கி 2009-இல் மாநிலப் பூங்காவாக்கியது. வாங்கியது நல்லதாயிற்று என்று கொரோனா காலத்தில் எல்லோருக்கும் புரிந்தது. அடைபட்டுக் கிடந்த ஜனம் மலைக்குத்தான் ஓடியது. 2021-இல் வட கரோலினா மாநிலப் பூங்காக்களுக்கு வந்தவர்கள் 2.28 கோடிப் பேர். அதுவரை இல்லாத கூட்டம். ஆனால் மிட்செல் உச்சிப் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்க இருப்பது ஒன்பதே இடங்கள். இந்த எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. கூட்டக் கூடாது என்பதே என் கட்சி. அந்த மண் சில அங்குலம்தான். கூட்டமாக மிதித்தால் வேர் வெளியே வந்துவிடும்.

2024 செப்டம்பர் 27-இல் ஹெலீன் புயல் வந்தது. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் உள்ளே, மலைமேல், இப்படியொரு புயலா என்று பலர் எதிர்பார்க்கவில்லை. மிட்செல் மலையில் காற்று மணிக்கு 106 மைல் வேகத்தில் வீசியது. மலையடியில் பியூசிக் என்ற சின்ன ஊரில் சில நாட்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை. மாநிலத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆறுகள் ஊர்களையே அடித்துக்கொண்டு போயின; சிம்னி ராக் கிராமத்தின் தெரு அடையாளம் தெரியாமல் போயிற்று. மேற்குப் பகுதியின் மாநிலப் பூங்காக்கள் எல்லாம் மூடப்பட்டன. சிம்னி ராக் பூங்கா மறுபடி திறந்தது 2025 ஜூன் 27-இல். பார்க்வே பல இடங்களில் சரிந்ததால் மிட்செல் மலைக்கும் பல மாதம் வழியே இல்லை. அன்றாடம் அந்த மலைகளுக்கு வந்துபோகிறவர்களை நம்பிப் பிழைத்த சாப்பாட்டுக் கடைக்காரரும் விடுதிக்காரரும் பட்ட பாடு கொஞ்சமல்ல. அங்கே போய்ச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் இன்றைக்கு அவர்களுக்கு உதவி. கிளம்பும் முன் பார்க்வேயில் எந்தத் துண்டு திறந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உச்சிக் காட்டின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அது முடியவில்லை. செத்த பெரிய மரங்களின் அடியில் ஃபிர் கன்றுகள் நெருக்கமாக முளைத்து வளர்ந்துவிட்டன. இப்போது பாதையோரம் நாம் பார்க்கும் பச்சை அநேகமாக அந்தத் தலைமுறைதான். இளம்பட்டை வழவழப்பாக இருக்கும்வரை பூச்சி ஒட்ட இடம் கிடைப்பதில்லை. மரம் மூத்துப் பட்டை வெடித்ததும் அந்த வெடிப்பில் குடியேறுகிறது. ஆனால் ஃபிரேசர் ஃபிர் பதினைந்து வயதிலேயே விதை பிடிக்க ஆரம்பித்துவிடும். பூச்சி வந்து சேர்வதற்குள் ஒரு சில முறையாவது கூம்பு முதிர்ந்து விதை உதிர்கிறது. அந்தச் சிறிய இடைவெளியில்தான் இந்தக் காடு இன்று பிழைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளியில் புளித்த மேகமும் புயலும் குறுக்கே விழாமல் இருப்பது, பூங்கா ஊழியர்கள் கையில் மட்டும் இல்லை. புகைச் சட்டங்களைத் தளர்த்துவதா இறுக்குவதா என்று ராலேயிலும் வாஷிங்டனிலும் முடிவெடுப்பவர்கள் கையிலும், அவர்களுக்கு வாக்களிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் கையிலும் இருக்கிறது.